பழைய 'வைஸ்' கிடைத்தால் உடனே தேய்க்காதீர்கள்! துருவுக்கு அடியில் ஊர், பேர், வயது ஒளிந்திருக்கிறது!

பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கப்படும் சாமான் ஒன்று, அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கை மாறுகிறது. தங்கம் அல்ல, வெள்ளி அல்ல. பட்டறைப் பலகையில் மாட்டும் 'வைஸ்'தான் அது!

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. அதே போல பழைய வைஸ் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. மூடிய தொழிற்சாலைகள், ஏலம் போகும் பண்ணைகள், காலி செய்யும் வீடுகள் என்று ஓடி ஓடித் தேடுகிறார்கள். கிடைத்ததைக் கழற்றி, துரு எடுத்து, கிரீஸ் போட்டு, மறுபடி வேலைக்கு வைக்கிறார்கள்.

அவர்களிடம் நம்மூர்ப் பட்டறைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று. 'முதலில் படி, பிறகு தேய்!'

மூன்றாவது கை

பட்டறைக்காரர்களுக்கு வைஸ் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஐ.டி.ஐ.யில் 'பிட்டர்' படித்தவர்களைக் கேளுங்கள். இரும்புத் துண்டை வைசில் மாட்டி அரம் போட்ட நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

மற்றவர்களுக்காகச் சுருக்கமாக:

இரண்டு தாடைகள். ஒன்று அசையாது. இன்னொன்று முன்னும் பின்னும் நகரும். நடுவில் தடித்த திருகு. கைப்பிடியைச் சுற்றினால் தாடைகள் நெருங்கி வந்து இரும்பைக் கவ்விக்கொள்ளும். அதன்பிறகு அறுக்கலாம், அரம் போடலாம், ஓட்டை போடலாம். வேலைக்காரனுக்கு இது மூன்றாவது கை!

தமிழில் 'பிடிச்சிராவி' என்றும் ஒரு பெயர் உண்டு. பட்டறையில் அப்படிச் சொன்னால் பையன்கள் முழிப்பார்கள். 'வைஸ்' என்றால்தான் எடுத்து வருவார்கள்.

இதன் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கவ்வுகிற முகப்பில் மட்டும் கெட்டியான எஃகுத் தகடு. தகடு தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். நட்டு தேய்ந்தால் புதிதாகக் கடைந்து போடலாம். நன்றாகச் செய்த வைஸ் மனிதனைவிட அதிக நாள் உழைக்கிறது. நூறு வயதான வைஸ்கள் இன்னும் வேலை செய்கின்றன. சேர்ப்பவர்கள் மயங்குவது இதில்தான்.

சிகாகோ 'புல்லட்'

வைஸ் சேர்ப்பவர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர் 'வில்டன்'.

செக்கோஸ்லோவாகியாவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹியூ வோகல் என்பவர் 1941-ம் ஆண்டு சிகாகோவில் தொடங்கிய கம்பெனி இது. இவருடைய வைசின் பின்பகுதி உருண்டையாக, துப்பாக்கிக் குண்டு போலவே இருக்கும். அதனால் 'புல்லட் வைஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. திருகு முழுவதும் அந்த உருளைக்குள் மறைந்திருக்கும். அரத்தூள், இரும்புப் பிசிறு உள்ளே போகாது. திருகு சீக்கிரம் தேயாது.

இந்த வைசின் வயதைக் கண்டுபிடிப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நகரும் தாடையை முழுவதும் வெளியே இழுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். கிரீசும் அழுக்கும் அப்பிக் கிடக்கும் அந்த இடத்தில், மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள்.

உதாரணமாக '4-52' என்று இருக்கிறது. 1952-ல் செய்தது என்று நினைக்கத் தோன்றும். பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்தையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். அது உத்தரவாதம் முடியும் தேதி! உத்தரவாதம் ஐந்து வருடம். ஆகவே அந்த வைஸ் பிறந்தது 1947 ஏப்ரலில்.

ஆரம்ப காலத்து வைஸ்கள் சிலவற்றில் உத்தரவாதச் சொல் இருக்காது, வெறும் தேதிதான் இருக்கும். அது செய்த தேதி. ஒரு சின்னச் சொல் இருப்பதும் இல்லாததும் ஐந்து வருட வித்தியாசம்!

அந்த இடத்தில் 'கிரைண்டர்' வைத்துப் பளபளவென்று தேய்த்தால் என்ன ஆகும்? தேதியும் போச்சு, சொல்லும் போச்சு. பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போட்ட கதைதான்.

தேதி போனாலும் ஊர்ப் பெயர் உதவும். வார்ப்பில் 'சிகாகோ' என்று இருந்தால் அது பழைய வைஸ். 1950-களின் பிற்பகுதியில் கம்பெனி பக்கத்தில் உள்ள ஷில்லர் பார்க் என்ற இடத்துக்கு மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ரகசியம்

எல்லாக் கம்பெனிகளும் இப்படித் தேதி குத்துவதில்லை. அப்போது கைகொடுப்பது காப்புரிமைக் குறிப்பு. பழைய அமெரிக்க வைஸ்களின் விலாவில் காப்புரிமை பெற்ற தேதியையோ எண்ணையோ வார்ப்பிலேயே எழுத்தாக எழுப்பியிருப்பார்கள்.

தேய்ந்து போன எழுத்தில் 3 எது, 8 எது என்று குழப்பம் வரும். அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் காப்புரிமை வழங்குவது செவ்வாய்க்கிழமைகளில்தான்! ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இதுதான் வழக்கம். படித்த தேதி எந்தக் கிழமை என்று பழைய காலண்டரில் பாருங்கள். செவ்வாய் என்றால் சரியாகப் படித்திருக்கலாம். புதனோ வெள்ளியோ என்றால் ஏதோ ஒரு எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டீர்கள். மறுபடியும் டார்ச் லைட்டை எடுங்கள்!

தேதிக்குப் பதில் எண் இருந்தால் இன்னும் சுலபம். அமெரிக்காவின் 10 லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்ட் 8-ல் கொடுக்கப்பட்டது. 20 லட்சமாவது காப்புரிமை 1935 ஏப்ரல் 30-ல். இரண்டு நாளுமே செவ்வாய்க்கிழமை! ஆகவே எண் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால் அந்த வைஸ் 1935-க்கு முந்தியதாக இருக்க முடியாது. 'தாத்தா காலத்து 1900' என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. காப்புரிமை தேதி வேறு, வைஸ் செய்த தேதி வேறு. ஒரு முறை அச்சில் ஏற்றிய தேதி பல வருடம் அப்படியே வார்ப்பில் வந்துகொண்டிருக்கும். 'இந்தத் தேதிக்குப் பிறகு செய்தது' என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அது வியாபாரப் பேச்சு.

நீல நிறத்தை நம்பாதீர்கள்

வில்டனுக்கு வெகுகாலம் முன்பே புகழ் பெற்ற கம்பெனிகள் உண்டு.

அமெரிக்காவின் மெரிடன் நகரில் சார்லஸ் பார்க்கர் என்பவர் 1832-ல் தொழில் தொடங்கினார். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், வைஸ், வேட்டைத் துப்பாக்கி என்று பலதும் அந்தக் கம்பெனியில் இருந்து வந்தன. மெரிடன் நகரின் முதல் மேயரும் இவர்தான். பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரத்து 'ரீட்', கிளீவ்லாண்ட் நகரத்து 'கொலம்பியன்' ஆகியவையும் சேர்ப்பவர்கள் தேடும் பெயர்கள்.

இங்கிலாந்தில் 'ரெக்கார்ட்' பெரிய பெயர். எஃகுக்குப் பேர்போன ஷெபீல்டு நகரத்துச் சரக்கு. யார்க்ஷயரில் உள்ள ஷிப்லியில் பார்க்கின்சன் கம்பெனி செய்த 'பெர்பெக்ட்' வைசும் பிரசித்தம். அதில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் பாதி நட்டு, திருகை விட்டு விலகிவிடும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மாயாமல், தாடையை ஒரே இழுப்பில் நகர்த்தலாம்.

'ரெக்கார்ட்' என்றாலே நீல நிறம் நினைவுக்கு வரும். அதனால் நீலப் பெயிண்ட் அடித்ததெல்லாம் ரெக்கார்ட் ஆகிவிடாது! பெயிண்ட் டப்பா எந்தக் கடையிலும் கிடைக்கும். வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்துதான் சாட்சி.

எண்ணிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. வைசின் மேல் '3' என்று இருந்தால் 3 அங்குலம் என்று நினைக்கிறார்கள். அது மாடல் நம்பர். ரெக்கார்ட் 3-ம் நம்பர் வைசின் தாடை அகலம் 4 அங்குலம். தாடையின் அகலத்தை டேப் வைத்து நீங்களே அளந்துகொள்வது நல்லது.

கடையில் என்ன பார்ப்பது?

புதுப்பேட்டையோ, வேறு எந்த ஊர் பழைய இரும்புக் கடையோ, "வெள்ளைக்காரன் சரக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கண்ணைத் திறந்தே வையுங்கள். பார்க்க வேண்டியவை இவை:

தாடையை முழுவதும் திறக்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் திருகு வளைந்திருக்கலாம். நட்டே இல்லாத வைசும் விற்பனைக்கு வரும். திருகு சும்மா உள்ளே கிடக்கும்!

கைப்பிடியை வலமும் இடமும் மெதுவாகத் திருப்புங்கள். தாடை அசையாமல் கைப்பிடி மட்டும் வெகுதூரம் சுற்றினால் நட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கைப்பிடி வில் போல வளைந்திருக்கிறதா? யாரோ அதில் பைப்பை மாட்டி, பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். அந்த வைசில் விரிசல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

விரிசலைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று. தாடையின் கழுத்து, நகரும் பகுதி உள்ளே நுழையும் வாய், அடித்தட்டில் போல்ட் போடும் காது.

புதுப் பெயிண்ட் அடித்த வைஸ் என்றால் கூடுதல் ஜாக்கிரதை. உள்ளே பட்டி வைத்து அடைத்திருக்கலாம். பித்தளை நிறத்தில் கோடு தெரிந்தால் உடைந்ததை ஒட்டியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பை ஒட்டுவது சாமான்யம் அல்ல. ஒட்டிய வைஸ் அலமாரிக்கு ஆகும், அழுத்தமான வேலைக்கு ஆகாது. அதற்குத் தகுந்த விலைதான் கொடுக்க வேண்டும்.

முதுகில் சம்மட்டி அடித்த வடு நிறைய இருந்தாலும் யோசியுங்கள். அடி தாங்குவதற்கென்று கொல்லுப்பட்டறை வைஸ் தனியாக உண்டு. அது அடித்துச் செய்த இரும்பு. தரை வரைக்கும் நீளமாக ஒரு கால் இறங்கியிருக்கும். அடியை அந்தக் கால் தரைக்கு அனுப்பிவிடும். சாதாரண பெஞ்ச் வைசை அப்படி அடித்தால் ஒருநாள் 'படார்' என்று பிளக்கும்.

உஷார்! சட்டம் இருக்கிறது

பழைய வைஸ் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று அரசாங்க முத்திரை.

இங்கிலாந்தில் அரசாங்கச் சாமான்களில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். கோழிக் கால் மாதிரி மூன்று கோடு. 1875-ம் ஆண்டு கொண்டுவந்த சட்டப்படி, திருட்டை மறைக்க அந்தக் குறியை அழிப்பதே குற்றம். ராணுவமே உபரி என்று விற்ற சாமான்களிலும் அந்தக் குறி இருக்கும். அப்படிப்பட்ட வைசுக்கு இன்று சேர்ப்பவர்கள் மத்தியில் தனி மவுசு.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது ரெயில்வே முத்திரை. 1966-ம் ஆண்டு ரெயில்வே சொத்துச் சட்டம் கடுமையானது. திருடப்பட்டதாகச் சந்தேகப்படத் தகுந்த ரெயில்வே சாமான் ஒருவர் கையில் இருந்தால், முறையாக வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால், முதல் குற்றத்துக்கே 5 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

ரெயில்வே தன் கழிவுச் சாமான்களை ஏலத்தில் விற்பது உண்டு. அப்படி வந்தது என்றால் வியாபாரியிடம் அதற்கான தாள் இருக்கும். முத்திரை இருந்தால் ரசீது கேளுங்கள். "ரசீதெல்லாம் எதுக்கு சார்?" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மற்ற பட்டறைச் சாமானுக்கும் இதே கதைதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு பாயும். முத்திரையை அரம் போட்டு எடுத்த தடம் தெரிந்தால், அந்த வைஸ் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்!

துரு எடுப்பது எப்படி?

முதல் வேலை போட்டோ. நாலா பக்கமும், அடியிலும் எடுத்துவையுங்கள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் துடைத்து, எழுத்து, எண், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸ் தேய்த்து, டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் இருந்து அடித்துப் பாருங்கள். பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கழற்றுவது. இறுகிப்போன ஸ்குரூவில் எண்ணெய் விட்டு ஒருநாள், இரண்டு நாள் பொறுங்கள். அவசரப்பட்டு உளி வைத்து அடித்தால் தலை போய்விடும்.

துரு எடுக்கச் சுலபமான வழி காடி, அதாவது வினிகர். பாகங்களை அதில் ஒருநாள் ஊறவைத்துத் தேய்த்தால் துரு கழன்று வரும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் தடவ மறந்தால் கண் எதிரிலேயே புதுத் துரு பூக்கும்.

சேர்ப்பவர்கள் பலர் மின்சார முறையைக் கையாளுகிறார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடா. 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ஒயர் வைசுக்கு. பாசிட்டிவ் ஒயர், வேண்டாத இரும்புத் துண்டுக்கு. இரண்டும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. ஒயரை மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் வைசே கரையும்!

இதில் ஆபத்தும் இருக்கிறது. தொட்டியில் இருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும். பீடி, சிகரெட், தீப்பொறி பக்கத்தில் கூடாது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வேண்டாத இரும்புக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடுவது பெரிய தப்பு. அதில் உள்ள குரோமியம் விஷச் சத்தாக மாறித் தண்ணீரில் கலந்துவிடும். வைசில் கை வைக்கும் முன்பு சார்ஜரை நிறுத்துங்கள்.

பழைய பெயிண்டிலும் விஷம் உண்டு. முன்பெல்லாம் பெயிண்டில் காரீயம் கலப்பது சகஜம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதற்கு 1978-ல்தான் தடை வந்தது. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். ஈரமாகத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

பெயிண்ட் அடிக்கலாமா?

சேர்ப்பவர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. கம்பெனி அடித்த பழைய பெயிண்ட் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தொடாதே, எண்ணெய் துடைத்து விட்டுவிடு என்பது ஒரு கட்சி. புது வைஸ் மாதிரி ஜொலிக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற விஷயம் இது: எழுத்தின் மேல் கிரைண்டர் படக்கூடாது. நகரும் பகுதி, திருகு, நட்டு ஆகியவற்றில் பெயிண்ட் படக்கூடாது. அங்கெல்லாம் எண்ணெயும் கிரீசும்தான்.

அப்பாவின் வைஸ்

இதெல்லாம் பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று கேட்கலாம்.

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. பிறகு அம்பத்தூர் வந்தது. சந்துக்குச் சந்து லேத் பட்டறைகள் முளைத்தன. அப்போது தொழிலுக்கு வந்த பிட்டர்களும் டர்னர்களும் இப்போது முதுமையில் இருக்கிறார்கள், அல்லது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறையைக் காலி செய்யும்போது லேத்துக்கு விலை பேசுகிறார்கள், மோட்டாருக்கு விலை பேசுகிறார்கள். வைஸ் மட்டும் 'இதையும் சேர்த்துப் போடு' என்று தராசில் ஏறுகிறது.

எடைக்குப் போன வைஸ் உலைக்குள் போய்விடும். அது எந்த ஊரில் பிறந்தது, எத்தனை வருடம் சோறு போட்டது என்பதெல்லாம் அதோடு போச்சு. எல்லா வைசும் நூற்றுக்கணக்கில் டாலர் கொண்டுவராது. பெரும்பாலானவை சாதாரணச் சரக்குதான். ஆனால் அது தெரிவதற்கும் ஒரு முறை அழுக்கைத் துடைத்துப் படித்துப் பார்க்க வேண்டுமே! அரை மணி நேரம், ஒரு பழைய துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய். இவ்வளவுதான் செலவு.

பெயர் பெரிதில்லை என்று தெரிந்தாலும், விரிசல் இல்லாமல், திருகு நன்றாக இருந்தால் அதை விற்காதீர்கள். வீட்டுப் பலகையிலேயே மாட்டுங்கள். அசையாத தாடை, பலகையின் விளிம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீளமான கம்பியை நேராகத் தொங்கவிட்டுப் பிடிக்க அப்போதுதான் முடியும். தாடையின் மேல்மட்டம், நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். கனமான சாமான் ஆகையால் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். போல்ட்டை நன்றாக முறுக்கிவிட்டு, திருகுக்குக் கிரீஸ் போடுங்கள். இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.